ஆற்றுத் தண்ணீர் சோதனைப் பெட்டி: எண்ணூரில் எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

"அந்தப் பெட்டி எப்படி, வாங்கலாமா" என்று தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். வாங்கலாம். 5-க்கு 3.5 கொடுப்பேன். ஆனால் உள்ளே இருக்கும் எல்லாமே நம்ம ஊர்த் தண்ணீருக்குச் சரிப்படாது, எந்தப் பாட்டிலை நம்பலாம், எதைத் திறக்காமலே வைத்துவிடலாம் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

எங்கள் வீடு எண்ணூரில், கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே. நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன், அப்பா இருந்தவரை ஆற்றில்தான் வலை போட்டார், மாமா இன்னும் போடுகிறார். பெட்டி 6,800 ரூபாய், நான்கு வீடு சேர்ந்து வாங்கினோம். ஏன் வாங்கினோம் என்பதைச் சொன்னால்தான் இந்த மதிப்பீட்டுக்கே அர்த்தம் இருக்கும்.

அதற்கு முந்தைய வருடம் எங்கள் பக்கத்தில் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. நடத்திய அலுவலகம், திட்டம் போட்ட நிறுவனம் எதன் பெயரும் இங்கே வேண்டாம். பந்தல், மைக், தண்ணீர் பாட்டில் எல்லாம் இருந்தது. அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில், தமிழில் சுருக்கம் மட்டும். நானும் எழுந்து, "தண்ணீர் கெட்டுப்போச்சு, இறால் வரத்து இல்லை, இருளர் பெண்கள் சேற்றில் கைவிட்டுத் தடவி இறால் எடுத்தால் கையெல்லாம் அரிக்கிறது" என்று சொன்னேன். மேடையில் இருந்தவர் கோபமில்லாமல், மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "அம்மா, எல்லா அளவும் வரம்புக்குள்தான் இருக்கிறது." அவ்வளவுதான், நான் உட்கார்ந்துவிட்டேன். எந்த வரம்பு, எங்கே அளந்தது, யார் வைத்தது என்று திருப்பிக் கேட்க எனக்கு வாயில் வார்த்தை இல்லை. அப்புறம் கூட்டக் குறிப்பை வாங்கிப் பார்த்தால் என் பேச்சு ஒரே வரியில் இருந்தது, "சுற்றுச்சூழல் குறித்துக் கவலை தெரிவித்தார்" என்று. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

சரி, பெட்டிக்கு வருகிறேன். உள்ளே கரைந்த ஆக்ஸிஜன் (தண்ணீரில் மீன் மூச்சுவிடும் ஆக்ஸிஜன்) சோதனைக்கான பாட்டில்கள், அம்மோனியா சோதனை, அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். தாள், கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். பேனா, ஒரு வெப்பமானி, வண்ண அட்டைகள், கையுறை இரண்டு ஜோடி. கையேடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். விலைக்கு இது பெரிய குறை. நான் உட்கார்ந்து தமிழில் ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு மூடிக்குள் ஒட்டியிருக்கிறேன்.

இதில் காசுக்கு மதிப்பு என்றால் ஆக்ஸிஜன் சோதனைதான், அது ஒன்றுக்காகவே வாங்கலாம். சின்னக் கண்ணாடிப் பாட்டிலைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் நிரப்பி, இரண்டு மருந்து சொட்டு சொட்டாக விட்டு, மூடிப் புரட்ட வேண்டும். உள்ளே திரிதிரியாக ஒரு படிவு இறங்கும். தண்ணீரில் ஆக்ஸிஜன் இருந்தால் அது பழுப்பு. இல்லாவிட்டால் பால் மாதிரி வெள்ளையாகவே நிற்கும். அதற்கு மேல் அமிலம் விட்டால் மஞ்சளாகக் கரையும், ஸ்டார்ச் விட்டால் நீலமாகும், கடைசி மருந்தை எண்ணி எண்ணி விட்டு நீலம் போகும்வரை எத்தனை சொட்டு என்று பார்க்க வேண்டும். எங்கள் பெட்டியில் ஒரு சொட்டுக்கு லிட்டருக்கு அரை மில்லிகிராம் கணக்கு. துல்லியம் என்று பார்த்தால் அவ்வளவுதான், அரைக்குள் இருப்பதை இது சொல்லாது. ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரே மதியத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

முதல் ஞாயிறு மாமாவின் படகில் போனோம். முகத்துவாரத்தில் கடல் ஏறும் நேரத்தில் லிட்டருக்கு 6 மில்லிகிராம் வந்தது, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கிங்ஹாம் கால்வாய் வந்து சேரும் இடத்தில், தண்ணீர் வடியும் நேரத்தில், 2. மாமா எதுவும் பேசாமல் பாட்டிலை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "இங்க மடவை மேல வந்து வாயத் தொறந்துட்டு நிக்கும் பாப்பா, அதப் பாத்துட்டுத்தான் நாங்க இந்தப் பக்கம் வலை போடறதில்ல" என்றார். அவர் இருபது வருடமாக அளந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். எண்ணாக எழுதி வைக்கவில்லை, அது ஒன்றுதான் குறை.

புளியந்தோப்பில் இருக்கும் சித்தி மகன் பெட்டியை வாங்கிக்கொண்டு போய் ஓட்டேரி நல்லா கால்வாய்த் தண்ணீரில் போட்டுப் பார்த்தான். படிவு வெள்ளையாகவே நின்றது. மருந்து கெட்டுவிட்டது என்று நினைத்து எனக்குப் போன் செய்தான். மருந்து கெடவில்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம், நேரத்தை எழுதுங்கள். பாசி பிடித்த பச்சைத் தண்ணீர் பகலில் வெயிலுக்கு ஆக்ஸிஜனை விடும், ராத்திரி முழுக்க அதையே இழுத்துக்கொள்ளும். ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் பகல் 11 மணிக்கு 7 காட்டிய அதே இடம் மறுநாள் விடியற்காலை 5 மணிக்கு 2.5 காட்டியது. இரண்டுமே உண்மையான அளவு. மீன் விடியற்காலை 5 மணிக்கும் அங்கேதான் இருந்தாக வேண்டும். இனி எந்தக் கூட்டத்தில் யார் எண்ணைச் சொன்னாலும் எத்தனை மணிக்கு எடுத்தது, ஏற்றத்திலா வடியலிலா என்றுதான் முதலில் கேட்பேன்.

வெப்பமானி சாதாரணமானதுதான், ஆனால் பெட்டியில் இரண்டாவது நல்ல பொருள் அது. சுடுதண்ணீர் வந்து விழும் பக்கத்தில் ஆற்றின் மற்ற இடத்தைவிட 5 டிகிரி கூட இருந்தது. வீட்டுக்கு வந்து விதியைத் தேடிப் படித்தேன். இயந்திரத்தைக் குளிர்விக்கக் கடல் தண்ணீரை எடுக்கும் புதிய அனல்மின் நிலையம் அதைத் திருப்பி விடும்போது, சுற்றியிருக்கும் நீரைவிட 7 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்று இருக்கிறது. அப்போ 5 டிகிரி வரம்புக்குள்தான். ஆனால் அந்தப் பக்கம் மீன் ஒதுங்குவதில்லை என்று கரையில் நிற்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். "வரம்புக்குள் இருக்கிறது", "ஆறு நன்றாக இருக்கிறது" இரண்டும் வேறு வேறு பேச்சு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

டி.டி.எஸ். பேனா வீணான செலவு. வீட்டுக் குடிநீருக்கு உதவும், முகத்துவாரத்துக்கு உதவாது. கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35,000 மில்லிகிராம் உப்பு, இந்தப் பேனா பத்தாயிரத்தைத் தொடும் முன்பே கைவிட்டுவிடும். அம்மோனியா சோதனை அதைவிட மோசம், ஏனென்றால் அது வேலை செய்வது மாதிரியே இருக்கும். நெஸ்லர் மருந்து ஊற்றினால் நல்ல தண்ணீரில் அம்மோனியா இருந்தால் மஞ்சளாகும், எங்கள் உப்புத் தண்ணீரில் கலங்கித் தயிர் மாதிரி ஆகிவிட்டது. வண்ண அட்டையோடு ஒப்பிடவே முடியவில்லை. போதாததற்கு அந்த மருந்தில் பாதரசம் இருக்கிறது. சோதித்த தண்ணீரை ஆற்றிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள், தயவுசெய்து. நாங்கள் ஒரு கேனில் சேர்த்து வைத்திருக்கிறோம், விற்றவர்களுக்கே போன் செய்து திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னோம், இன்னும் பதில் இல்லை. 1.5 மதிப்பெண் குறைத்ததற்கு இதுதான் முதல் காரணம். வாங்கும்போதே பாதரசம் இல்லாத சாலிசிலேட் முறை இருக்கிறதா, அது உப்புத் தண்ணீருக்குச் சரிப்படுமா என்று கேட்டு வாங்குங்கள்.

பெட்டியால் முடியாதவை நிறைய. பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்கும்போது கிருமிகள் இழுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜனின் அளவு) அளக்க முடியாது, அதற்கு 27 டிகிரியில் 3 நாள் மாதிரியை வைத்திருக்க வேண்டும். மலக் கிருமி, கன உலோகம் எதுவும் முடியாது. எண்ணெயும் முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆறு முழுக்கப் படிந்தபோது இந்தப் பெட்டி எங்களிடம் இல்லை, இருந்திருந்தாலும் அதை அளந்திருக்காது. படகு, வலை, சதுப்புச் செடி எல்லாம் கறுப்பாக இருந்தது, அதைப் பார்க்கக் கண் போதும்.

இதற்கெல்லாம் ஆய்வகம்தான். நாங்கள் இரண்டு முறை கொடுத்தோம். ஆய்வகங்களைச் சரிபார்த்துத் தேசிய அளவில் கொடுக்கும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருக்கிறதா, அது நீங்கள் கேட்கும் குறிப்பிட்ட சோதனைக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாதிரியை ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். முதல் முறை நாங்கள் கொண்டுபோனது மாலை ஆகிவிட்டது, வாங்கிக்கொண்டார்கள், ஆனால் எடுத்த நேரத்தை அறிக்கையில் போடவில்லை, கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இரண்டாவது முறை ஒழுங்காக இருந்தது.

இப்போது எல்லாரும் கேட்கும் கேள்வி, இந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும், கோர்ட்டில் செல்லுமா. நேரடியாகச் செல்லாது. 1974-ஆம் வருட நீர்ச் சட்டத்தில் 21-ஆம் பிரிவுப்படி அதிகாரி ஆலைக்கு அறிவிப்புக் கொடுத்து, மாதிரி எடுத்து, இரண்டாகப் பிரித்து முத்திரை வைத்து அனுப்பினால்தான் வழக்கில் சான்று. அதே சட்டத்தில் 49-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, யார் வேண்டுமானாலும் 60 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம், அப்படிப் போகிறவர் கேட்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தன்னிடம் இருக்கும் அறிக்கைகளைக் கொடுக்க வேண்டும். 25-ஆம் பிரிவில் இன்னொன்று. ஆலைக்கு என்ன நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள் என்ற பதிவேட்டைப் பாதிக்கப்பட்டவர் பார்க்கலாம். இதையெல்லாம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. பெட்டி வாங்கிய பிறகு, எண் வந்த பிறகு, அந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது என்று தேடப்போய்த்தான் தெரிந்தது.

அப்படித் தேடியதில் கிடைத்ததுதான் முக்கியம், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். மேடையில் இருந்தவர் சொன்ன வரம்பு கழிவுநீர்க் குழாயின் வாய்க்கு வைத்தது. ஆற்றில் விடும் கழிவுநீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராம், எண்ணெய் 10 என்று பொது விதி. ஒரு லிட்டருக்கு இவ்வளவு என்றால் சரி, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்? எத்தனை குழாய்? ஒவ்வொரு குழாயும் 30-க்குள் இருந்துகொண்டே பத்துக் குழாய் சேர்ந்தால் ஆறு என்ன ஆகும்? வீட்டுக்கு வரும் ஒவ்வொரு விருந்தாளிக்கும் இரண்டு இட்லிதான் என்று கணக்கு வைத்துவிட்டு, விருந்தாளி எத்தனை பேர் என்று கேட்காமல் மாவு கரைக்க முடியுமா?

ஆற்றுக்கென்று தனியாக வரம்பு இல்லாமல் இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை அவற்றின் பயன்பாட்டை வைத்து ஐந்து வகையாகப் பிரிக்கிறது. குளிக்கிற தண்ணீர் என்றால் கரைந்த ஆக்ஸிஜன் 5-க்குக் குறையக்கூடாது. மீன் வளர்கிற தண்ணீர் என்றால் 4. கடலோரத் தண்ணீருக்குத் தனியாக ஐந்து வகுப்பு, சிப்பி எடுக்கிற, உப்பளம் இருக்கிற தண்ணீருக்கு 5, துறைமுகத் தண்ணீருக்கு 3. பார்த்தீர்களா, முதலில் வருவது எண் இல்லை. "இந்த ஆறு எதற்கு?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது, அதற்கு யார் பதில் சொல்கிறார்களோ அவர்கள்தான் எண்ணை வைக்கிறார்கள். இது துறைமுகத்துக்கான தண்ணீர் என்று எழுதினால் 3 போதும், எல்லாம் நல்லபடியாக இருப்பதாக அறிக்கை வரும். மீன் பிடிக்கிற, இறால் தடவுகிற தண்ணீர் என்று எழுதினால் அதே ஆறு தேறாது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எண்ணூரைவிட, காட்டுக்குப்பத்தைவிட, தாழங்குப்பத்தைவிடத் தகுதியானவர்கள் யார்? எங்களை யாரும் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் மேல் எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

எங்கள் ஆட்களுக்கு வரம்பு வைக்கத் தெரியாது என்று யாராவது நினைத்தால், பாடு முறையைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த ஊர், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்து, ஊர் கூடிப் பேசி, மீறினால் அபராதம் போட்டு, தலைமுறை தலைமுறையாக நடத்தியிருக்கிறார்கள். ஆறு எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார்த்துப் பங்கு பிரிப்பதுதானே அது.

எண்ணை வைப்பதில் மக்கள் சொல்வதற்கு மதிப்பு உண்டா என்றால், உண்டு. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கான வரம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015 நவம்பரில் வந்த வரைவில் பி.ஓ.டி. 10 என்று இருந்தது. 2017 அக்டோபரில் இறுதி அறிவிப்பு வரும்போது அது பெருநகரத்துக்கு 20, மற்ற இடத்துக்கு 30 என்று ஆகிவிட்டது. அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் இருந்தார்கள், 2019 ஏப்ரலில் பசுமைத் தீர்ப்பாயம் தளர்த்தியது தவறு என்று பெருநகரங்களுக்கு 10-ஐத் திரும்பச் சொன்னது. ஒரு வரைவு வந்தால் ஆட்சேபம் சொல்ல 60 நாள் தருகிறார்கள். அந்த 60 நாளில் கொடுங்கையூரில் இருந்தோ மணலியில் இருந்தோ எத்தனை கடிதம் போயிருக்கும்? அரசிதழ் வருவது இந்தியிலும் ஆங்கிலத்திலும். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தபோது அதை 22 மொழியில் போடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் 1972 சட்டப்படி, கெட்டுப்போன ஆறு என்று பட்டியலில் ஏற்றிவிட்டால், அந்த ஆறு ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு கழிவு தாங்கும் என்று கணக்குப் போட்டு, அதை ஆலை, ஊர், வயல் என்று பங்கு பிரிக்க வேண்டும், அந்தக் கணக்கை மக்கள் முன்னால் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். செசபீக் விரிகுடாவுக்கு 2010 டிசம்பரில் அப்படி வைத்தார்கள், 6 மாநிலமும் தலைநகர் வாஷிங்டனும் சேர்ந்த கணக்கு. அங்கே எல்லாம் சுத்தமாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே கேள்வியை ஆற்றில் இருந்து தொடங்குகிறார்கள். நாமும் கொசஸ்தலைக்கு அப்படி ஒரு கணக்குக் கேட்கலாம்.

சரி, பெட்டியால் கண்ட பலன் என்ன என்று கேட்டால், இந்த வருடம் இன்னொரு கூட்டம். எட்டு மாத அட்டவணையைத் தமிழில் எழுதி, இடம், தேதி, நேரம், ஏற்றமா வடியலா எல்லாம் போட்டு, இரண்டு ஆய்வக அறிக்கையும் இணைத்து எழுத்தில் கொடுத்தோம். கையெழுத்துப் போட்டு ஒப்புகை வாங்கினோம், அதை மறக்காதீர்கள். மூன்று கேள்வி கேட்டோம். இந்த ஆற்றை எந்த வகையில் வைத்திருக்கிறீர்கள், அப்படி வைத்தது யார்? ஏற்கெனவே இருக்கும் குழாய்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கழிவு? விடியற்காலை வடியலில் எடுத்த அளவு உங்களிடம் இருக்கிறதா? மேடையில் இருந்தவர்கள் இந்தத் தடவை எங்களைத் திருப்பிக் கேட்டார்கள், எந்த ஆழத்தில் எடுத்தீர்கள், பாட்டில் என்ன பாட்டில் என்று. மாமாதான் எழுந்து பதில் சொன்னார். கூட்டம் முடியும்போது குறிப்பைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும் என்பது 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கினோம், மூன்று கேள்வியும் எண்ணோடு அப்படியே அதில் இருந்தன. பதில் இன்னும் வரவில்லை. மூன்றில் இரண்டுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறோம்.

வாங்குகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், கண்ணாடி மூடி போட்ட பாட்டில் இருக்கும் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள், பிளாஸ்டிக்கில் குமிழி நிற்கிறது. கடைசியாகச் சொட்டுவிடும் மருந்து நம்ம ஊர் சூட்டில் வலு குறைந்துவிடும், எங்களுக்கு ஐந்தாவது மாதமே எண் தாறுமாறாக வந்தது, புதுப் பாட்டில் போட்ட பிறகு சரியானது. இருட்டில், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள், வாங்கும்போதே காலாவதித் தேதியைப் பாருங்கள். அமில பாட்டிலின் மூடி எங்களுக்கு வரும்போதே கசிந்திருந்தது, சொன்ன மூன்றாம் நாள் மாற்றிக் கொடுத்தார்கள், அதில் குறையில்லை. கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். ஆக்ஸிஜன் மருந்துகள் மட்டும் தனியாகவும் கிடைக்கின்றன, முழுப் பெட்டி விலையில் கால்வாசிகூட வராது, ஒரு நல்ல வெப்பமானியும் கண்ணாடிப் பாட்டில் நான்கும் வாங்கிக்கொண்டால் எங்களுக்கு உதவிய எல்லாமே அதில் வந்துவிடும். இப்போது மறுபடி வாங்குவதாக இருந்தால் நான் அப்படித்தான் வாங்குவேன். புளியந்தோப்புக்கு அப்படி ஒன்று வாங்கித்தான் அனுப்பியிருக்கிறோம், ஓட்டேரி நல்லாவில் மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழை ஓய்ந்து பத்து நாள் கழித்து ஒரு தடவை எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.